இராணுவ அகாடமியும் உடல் தகுதியும்: பெற்றோர் முன்கூட்டியே அறிய வேண்டியவை



எங்கள் ஊர் நாகலாபுரம். பழைய சித்தூர் மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. அங்கே வேதநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாவின் நினைவாகக் கட்டியது என்பார்கள். ஆண்டுதோறும் பங்குனியில் சூரிய ஒளி நேராகக் கருவறைக்குள் விழும். முதல் நாள் திருவடியில், இரண்டாம் நாள் நாபியில், மூன்றாம் நாள் திருமுடியில். சிறு வயதில் கும்பிட்டுவிட்டுப் பிரசாதத்துக்கு ஓடிவிடுவேன். டிப்ளமா படித்து ரயில்வேயில் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அதன் அருமை புரிந்தது. வாசலும் மண்டபமும் கருவறையும் ஒரே கோட்டில், ஒரே கணக்கில் அமைந்திருக்கின்றன. கட்டியவன் அளவில் கொஞ்சம் கண் அசந்திருந்தால் வெளிச்சம் சுவரில் விழுந்திருக்கும்.

அளவு என்பது அப்படிப்பட்டது. அதற்கு யார் மீதும் பகை இல்லை. யார் மீதும் இரக்கமும் இல்லை. இதை எங்கள் குடும்பம் ஒரு பையனின் வருத்தத்தைக் கொண்டுதான் கற்றுக்கொண்டது. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது பல பிள்ளைகள், பெண் பிள்ளைகள் உட்பட, இராணுவ அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். "சார், மெடிக்கலில் ஏதாவது விலக்கு வாங்க முடியுமா? யாரையாவது தெரியுமா?" என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

தம்பியின் கதை

1980ஆம் வருஷம். நான் ரயில்வேயில் சேர மருத்துவச் சோதனைக்குப் போன அதே வருஷம். என் தம்பிக்கு வயது பதினேழு. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது என்.டி.ஏ.வுக்கு, எழுத்துத் தேர்வில் தேறினான். நேர்முகத் தேர்விலும் தேறினான். எங்கள் ஊரில் அது பெரிய செய்தி. அப்பா கோயிலில் அர்ச்சனை செய்தார். விமானம் ஓட்டுவதைத் தவிர வேறு நினைப்பே அவனுக்குக் கிடையாது. விண்ணப்பத்தில் விமானப்படை ஒன்றையே விருப்பமாக எழுதியிருந்தான்.

மருத்துவச் சோதனையில் ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் தெரியும். முதல் பக்கத்தில் இருந்த 12ஐச் சரியாகப் படித்தான். அதை எல்லோராலும் படித்துவிட முடியும். அடுத்த பக்கத்தில் இருந்த 8ஐ 3 என்று படித்தான். அதற்குப் பிறகு பல பக்கங்களில் எண்ணே இல்லை என்றான். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை என்று எழுதி, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா நம்பவில்லை. "கழுகு மாதிரி கண் என் பிள்ளைக்கு. கோபுரத்து உச்சியில் இருக்கும் கிளியைக் காட்டுவான்" என்றார். அது உண்மையே. பார்வையின் கூர்மை வேறு, நிறம் பிரித்தறிவது வேறு என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்டு அப்பா ஊர் ஊராக அலைந்தார். ஒரு பசுவை விற்ற பணம் வழிச்செலவில் கரைந்தது. மேல்முறையீட்டுக்கு உரிய நாட்கள் அந்த அலைச்சலிலேயே போய்விட்டன. தரைப்படைக்காவது தேறியிருப்பானா என்று கேட்டறியவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஊரிலோ "கண் தெரியாதவனாம்" என்று பேசினார்கள். அடுத்த பங்குனியில் சூரிய பூஜைக்குத் தம்பி கோயிலுக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள்: "சின்ன வயசிலேயே பழுத்த மிளகாயைப் பறித்து வா என்றால் பச்சையையும் சேர்த்துத்தானே பறித்து வருவான். வேணும்னு செய்கிறான் என்று அடித்தேனே!" எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் அந்தச் சோதனை பத்து வருஷமாக நடந்துகொண்டுதான் இருந்தது. அதன் முடிவைப் படிக்க எங்களுக்குத் தெரியவில்லை. (இதையெல்லாம் அவனுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான்.)

நிறக் குறை ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்தக் கேள்வியை ரயில்வேக்காரனிடம் கேட்டால் உடனே பதில் சொல்வான். 1875இல் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஊழியர் ஒருவருக்கு நிறக் குறை இருந்திருக்கலாம் என்று சந்தேகித்த ஹோம்கிரென் என்ற பேராசிரியர், கம்பளி நூல்களைக் கொண்டு ரயில் ஊழியர்களைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். தம்பிக்குக் காட்டிய புள்ளிப் புத்தகத்தைச் செய்தவர் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா. அவர் இராணுவ மருத்துவராகவும் இருந்தவர். அவருடைய அட்டைகள் 1917இல் வெளிவந்தன. இன்றும் உலகம் முழுவதும் அவைதான் முதல் சோதனை. படைகளில் அதற்கு மேல் விளக்குச் சோதனையும் உண்டு. இருட்டறையில் சின்னஞ்சிறு சிவப்பு, பச்சை, வெள்ளை வெளிச்சங்களைக் காட்டி நிறம் சொல்லச் சொல்வார்கள். சிக்னலும் ஓடுபாதை விளக்கும் இருட்டில் அப்படித்தானே தெரியும்?

இந்தக் குறை தாய் வழியாக வருவது. தாய்க்கு நிறம் நன்றாகவே தெரியும்; ஆனால் குறையைச் சுமந்து வந்து மகனுக்குக் கொடுத்துவிடுவாள். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். தகப்பனுக்கும் இருந்து, தாயும் சுமப்பவளாக இருந்தால் மகளுக்கும் வரலாம். தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களில் இதை நினைவில் வைப்பது நல்லது. இதற்கு மருந்தோ அறுவையோ கிடையாது. நிறக் கண்ணாடி அணிந்து சோதனையில் தேறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சோதனையில் அதை அனுமதிக்க மாட்டார்கள்.

சோதனை எப்படி நடக்கிறது?

என்.டி.ஏ.வுக்கு வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு நடத்துகிறது. அதற்கு 900 மதிப்பெண். அதில் தேறியவர்களுக்கு எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வு வாரியத்தில் சில நாள் நேர்முகத் தேர்வு. அதற்கும் 900. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் 2021 நவம்பர் தேர்விலிருந்து பெண்களும் எழுதுகிறார்கள். முதல் பெண் கேடட்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள்.

எஸ்.எஸ்.பி.யில் பரிந்துரை பெற்றவர்களை மட்டும் இராணுவ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே மருத்துவ வாரியம் சில நாட்கள் சோதிக்கும். இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன், கண், காது மூக்கு தொண்டை, பல், எலும்பு மூட்டு எல்லாம் உண்டு. இதற்கு மதிப்பெண் கிடையாது. தகுதி உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். தகுதி பெற்றாலும் சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. மதிப்பெண் வரிசையிலும் காலியிடக் கணக்கிலும் பெயர் வர வேண்டும்.

தரைப்படையில் உடல்நிலையை "ஷேப்" என்ற ஐந்து எழுத்துச் சொல்லால் குறிப்பார்கள். மனநிலை, செவி, கை கால்கள், பொது உடல் திறன், கண் என்று எழுத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் முதல் தரம் இருந்தால் "ஷேப் ஒன்று". பெற்றோர் அடிக்கடி கேட்கும் சில அளவுகளைக் கீழே தருகிறேன்.

1. உயரம்: தரைப்படைக்கு ஆண்களுக்குக் குறைந்தது 157 செ.மீ., பெண்களுக்கு 152 செ.மீ. விமானம் ஓட்டும் பிரிவுக்கு 162.5 செ.மீ. அதோடு கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 செ.மீ.க்குள், தொடை நீளம் 64 செ.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். விமானி அறையின் இருக்கையும் மிதிகட்டையும் நம் பிள்ளைக்காக மாறாது அல்லவா?

2. கண்: தரைப்படைக்குக் கிட்டப்பார்வை இரண்டரை டயாப்டர் வரை ஏற்கிறார்கள், கண்ணாடி போட்டால் முழுப் பார்வை வர வேண்டும். விமானம் ஓட்டும் பிரிவுக்குக் கண்ணாடி போடும் கிட்டப்பார்வை கூடவே கூடாது. லேசர் சிகிச்சை செய்துகொண்டால் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. 20 வயதுக்கு முன் செய்த லேசரைப் படைகள் ஏற்பதில்லை. என்.டி.ஏ.வுக்கோ பத்தொன்பதரை வயதுதான் வரம்பு. ஆகவே இந்த வழி அங்கே அடைபட்டது. பட்டப்படிப்புக்குப் பிறகு சேருபவர்களுக்கு நிபந்தனைகளோடு திறந்திருக்கிறது.

3. காது: டாக்டருக்கு முதுகைக் காட்டி நின்று, 610 செ.மீ. தூரத்தில் அவர் கிசுகிசுப்பதை ஒவ்வொரு காதாலும் கேட்க வேண்டும். பழைய கணக்கில் 20 அடி.

4. பல்: மேலும் கீழும் பொருந்தும் பற்களுக்குப் புள்ளி உண்டு. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு. முழு வாய்க்கு 22. குறைந்தது 14 வேண்டும்.

5. மார்பு: மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

6. கால்: நேராக நிற்கும்போது முழங்கால்கள் ஒட்டி, கணுக்கால்கள் விலகி நிற்பது ஒரு குறை. ஆண்களுக்கு அந்த இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. தட்டைப் பாதத்தில், குதிகாலைத் தூக்கி நின்றால் வளைவு திரும்ப வருகிறதா என்று பார்ப்பார்கள்.

7. பச்சை குத்துவது: முழங்கை உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும், புறங்கையிலும் மட்டுமே ஏற்பார்கள். பழங்குடியினரின் வழக்கத்துக்குத் தனிச் சலுகை உண்டு. கல்லூரி உற்சாகத்தில் கழுத்தில் குத்திக்கொண்ட பிள்ளைகள் கவனிக்க.

இந்த அளவுகள் அவ்வப்போது திருத்தப்படுவதுண்டு. விண்ணப்பிக்கும் வருஷத்து யு.பி.எஸ்.சி. அறிவிப்பின் மருத்துவப் பின்னிணைப்பை முழுவதும் படியுங்கள். பாடத்திட்டத்தை நாலு தடவை படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் திறப்பதே இல்லை.

விலக்கு உண்டா?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர்கள் "வேவர்" என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். அங்கே வெஸ்ட் பாயிண்ட் முதலான அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளையைப் பொதுவான ஒரு மருத்துவ வாரியம் சோதித்து, தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். இல்லை என்று வந்தால், அந்தப் பிள்ளை மற்றவற்றில் சிறந்து நின்றால், அகாடமியே பரிசீலித்து அந்தக் குறைக்கு விலக்கு அளிக்கலாம். உதாரணமாக, 13 வயதுக்குப் பின்னும் ஆஸ்துமா இருந்திருந்தால் அங்கே தகுதிக் குறைவு; ஆனால் சோதனை முடிவுகளைப் பார்த்து விலக்கு தருவதற்கு இடமுண்டு. அதுவும் பிள்ளையின் உரிமை அல்ல, அகாடமியின் விருப்பம்.

நம் நாட்டில் அகாடமி நுழைவுக்கு அப்படித் தனி மனிதருக்கு விலக்கு தரும் ஏற்பாடு இல்லை. விதியிலேயே எழுதிய சில தளர்வுகள் உண்டு. கூர்க்கா இனத்தவர், வடகிழக்கு மலைப்பகுதியினர், கடுவால், குமாவுன் பகுதியினருக்கு உயரத்தில் 5 செ.மீ. குறைவு. லட்சத்தீவினருக்கு 2 செ.மீ. குறைவு. குத்துச்சண்டை, மல்யுத்தம், உடற்கட்டு இவற்றில் ஈடுபட்டதற்கு ஆதாரம் காட்டுபவர்களுக்கு எடை கூடுதலாக இருந்தாலும், உடல் நிறைக் குறியீடு 25க்குக் கீழும் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழும் இருந்தால் பரிசீலிப்பார்கள். இவை யாவும் அச்சிட்ட விதிகள். எம்.எல்.ஏ. கடிதத்துக்கோ தெரிந்த கர்னலுக்கோ அங்கே வேலையில்லை. விலக்கு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவன் மோசடிக்காரன். எங்கள் அப்பாவின் பசு அந்த வழியில்தான் போயிற்று.

படைக்குள் போன பிறகு கதை வேறு. மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1971 போரில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு தம் திறனை நிரூபித்து, பட்டாலியனுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். ரயில்வேயிலும் அப்படித்தான். எஞ்சின் ஓட்டுபவருக்கு மருத்துவத் தரம் குறைந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஆனால் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வாசலில் இருக்கும் அளவு வேறு, வீட்டுக்குள் இருப்பவருக்கு அளவு வேறு. "அவருக்கு மட்டும் எப்படி?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள்.

மேல்முறையீடு: இரண்டாவது பார்வை

விலக்கு இல்லை என்றால் வழியே இல்லை என்பதில்லை. மேல்முறையீடு இருக்கிறது. அதைக் கருணை மனு என்று நினைக்கக் கூடாது. அது மறு அளவு. முதல் வாரியம் தகுதியில்லை என்று சொன்னால், காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் வாரியத் தலைவரே பிள்ளைக்கு விளக்குவார். அங்கிருந்து கிளம்புமுன் காரணத்தைச் சரியாக எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதல் சோதனையிலிருந்து 42 நாட்களுக்குள், குறிப்பிட்ட இராணுவ மருத்துவமனையில் மேல்முறையீட்டு வாரியத்தின் சோதனை முடிந்துவிட வேண்டும். அங்கும் இல்லை என்று வந்தால் மறுஆய்வு வாரியம் கேட்கலாம். அதற்கு ஒரே நாள்தான் அவகாசம். அதுவும் உரிமை அல்ல; படை மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநர் தகுதி பார்த்து அனுமதித்தால் உண்டு.

இந்த 42 நாட்களில் எது மாறும், எது மாறாது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் பெற்றோரின் புத்தி இருக்கிறது. காதுக் குறும்பி, எடை, சொத்தைப் பல் போன்றவை மாறும். சில சிறு அறுவைகளும் செய்துகொள்ளலாம். ஆனால் ஆற நாள் வேண்டும். நிறக் குறை மாறாது, உயரம் மாறாது. இருந்தாலும் முதல் அளவில் தவறு நேர்ந்திருக்கலாம் என்று நியாயமான காரணம் இருந்தால் மறு அளவு கேட்பதில் தப்பில்லை. கேட்பதற்கு முன் வெளியில் ஒரு நல்ல டாக்டரிடம் அதே சோதனையைச் செய்து பாருங்கள்.

எங்கள் காலனியில் ஒரு பையன். மதுரைப் பக்கத்துக் குடும்பம். எடை கூடுதல், இரண்டு காதிலும் குறும்பி, அதனால் கிசுகிசுப்புக் கேட்கவில்லை என்று தகுதியில்லை போட்டுவிட்டார்கள். தாயார் அழுதுகொண்டே வந்தார். "அம்மா, இது அழ வேண்டிய விஷயமில்லை, நாட்காட்டியைப் பார்க்க வேண்டிய விஷயம்" என்றேன். மறுநாளே காது டாக்டரிடம் போனார்கள். ஆறு வாரமும் விடியற்காலை ஓட்டம், இரவுச் சோற்றுக்குப் பதில் சுண்டல். மேல்முறையீட்டில் தேறிவிட்டான். இத்தனைக்கும் அந்தக் குறும்பியை ஆறு மாதம் முன்பே எடுத்திருக்கலாம். அந்த ஆறு வாரமும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று யு.பி.எஸ்.சி. அறிவிப்பே ஒரு பட்டியல் தருகிறது: காதுக் குறும்பி, மூக்குத் தண்டு வளைவு, விரைவீக்கமும் முன்தோல் இறுக்கமும், கூடுதல் அல்லது குறைந்த எடை, சிறுத்த மார்பு, மூலம், ஆண்களுக்கு மார்பகப் பெருக்கம், டான்சில் வீக்கம், விரைப்பை நரம்புப் புடைப்பு. இவற்றில் சிலவற்றைப் பையன்கள் கூச்சத்தால் வீட்டில் சொல்வதில்லை. தகப்பனார் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். அல்லது டாக்டரிடம் பையனைத் தனியாக உள்ளே அனுப்ப வேண்டும்.

மறைக்காதீர்கள்

வலிப்பு, ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, அறுவை ஆகியவற்றை மறைத்தால் சில சமயம் சோதனையைத் தாண்டிவிட முடியும். ஆனால் பயிற்சியைத் தாண்ட முடியாது. இரவு நடையிலும் நீச்சலிலும் மலையிலும் உடம்பு உண்மையைச் சொல்லிவிடும். அப்போது உயிருக்கே ஆபத்து. குறை இல்லாமல் போனவர்களுக்கும் பயிற்சியில் காயம் நேர்வதுண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பயிற்சியில் ஊனமுற்று வெளியேற்றப்பட்ட கேடட்களின் நிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அதே மாதம் மத்திய அரசு முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டத்தை அவர்களுக்கும் நீட்டித்தது. பயிற்சியின் கடுமை எத்தகையது என்பதற்கு இது ஒன்றே போதும். அந்தக் கடுமையைத் தாங்க வேண்டிய உடம்பைப் பற்றி டாக்டரிடம் பொய் சொல்லலாமா?

எப்போது, என்ன செய்வது?

என் யோசனை இதுதான். பிள்ளை "நான் மிலிட்டரியில் சேருவேன்" என்று முதன்முதலாகச் சொல்லும் வருஷமே ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பார்வையும் நிறமும் சோதித்துவிடுங்கள். இஷிஹாரா அட்டைக்குச் சில நிமிஷங்கள் போதும். சைனிக் பள்ளி விரும்புபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆறாம் வகுப்பில் 10 முதல் 12 வயதுக்குள் சேர்க்கிறார்கள். அங்கும் மருத்துவச் சோதனை உண்டு. தமிழ்நாட்டில் அமராவதிநகர் பள்ளி 1962 முதல் இருக்கிறது. எங்கள் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே கலிகிரியில் 2014இல் ஒன்று திறந்தார்கள். என் தம்பியின் காலத்தில் இப்படி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால், பத்து வயதிலேயே அவன் குறை தெரிந்திருக்கும்.

பதினைந்து வயதில் பல், காது, எடை, கால் ஆகியவற்றைப் பாருங்கள். விண்ணப்பம் எழுதும்போது, உடம்பைப் பார்த்து விருப்ப வரிசையை எழுதுங்கள். விமானப்படைக்கு ஆகாத கண் தரைப்படைக்கு ஆகலாம். எஸ்.எஸ்.பி.க்கு மூன்று மாதம் முன்பாக ஒரு முழுச் சோதனை. அவ்வளவுதான் செலவு.

முடிவாக

என் அக்காவின் பேரனுக்கு, அதாவது அவள் மகளின் மகனுக்கு, ஒன்பது வயதானபோது நானே கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதல் அட்டையில் 12 என்றான். இரண்டாவது அட்டையில் 3 என்றான். எனக்கு 1980 நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தத் தடவை வீட்டில் யாரும் அழவில்லை. "உன் சின்னத் தாத்தா மாதிரியே உனக்கும்" என்று சொன்னோம். தாத்தாவும் பேரனும் ஒருவருக்கொருவர் சட்டை நிறத்தைக் கேட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள். பையனுக்கு இன்னும் எட்டு வருஷம் அவகாசம் இருந்தது. மனசை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். இப்போது விவசாயப் படிப்பில் இருக்கிறான். "மிளகாய் மட்டும் பயிர் செய்யாதே" என்று தம்பி கேலி செய்கிறான்.

ஒரு வாசல் மூடிவிட்டதாலேயே பிள்ளை குறைந்துவிடுவதில்லை. நம் அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போனபோது 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது எட்டுப் பேரை. அவர் திட்ட இயக்குநராக இருந்து செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980 ஜூலை 18 அன்று சிறிஹரிகோட்டாவிலிருந்து வெற்றிகரமாகக் கிளம்பியது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, அதிக தூரமில்லை. அதே வருஷம் எங்கள் வீட்டில் ஒரு பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் இதைச் சொல்ல அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே பெற்றோர்களே, நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஒரு கூடையில் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் கலந்து வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டாம், சாயங்கால வெளிச்சம் போதும். பிள்ளையைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அடிக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.